புனைகதை வீண் பொழுதா?

கதை படிப்பதைக் குற்றமென்றும், கதை எழுதுவதை அதனினும் பெரிய குற்றமென்றும் எண்ணிய காலம் ஒன்று இருந்தது. அக்காலம் கழிந்துவிட்டது என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். ஆயினும், நம் பள்ளிகளின் நிலையை உற்று நோக்குவார்க்கு அது முற்றிலும் கழிந்துவிடவில்லை என்பது புலனாகும். இன்று எவரும் கதையைக் குற்றம் என்பதில்லை. பயனற்றது என்று மட்டும் சொல்கிறார்கள். குற்றம் என்றவர்களாவது கதைக்கு ஓர் ஆற்றல் உண்டென்பதை ஒப்புக்கொண்டார்கள். பயனற்றது என்பாரோ அதனையும் ஒப்புவதில்லை.

இலக்கணம் கற்பித்தால் பிழை குறையும். திருக்குறள் கற்பித்தால் ஒழுக்கம் வளரும். கட்டுரை கற்பித்தால் புள்ளி கிடைக்கும். கதை கற்பித்தால் என்ன கிடைக்கும்? இவ்வினா எழாத ஆசிரியர் அறை நம் நாட்டில் அரிது. வினா நேர்மையானது. ஆகவே அதற்கு நேர்மையான விடை கூறுதல் நம் கடமை. கதை மனத்தைப் பண்படுத்தும், கற்பனையை வளர்க்கும் என்று பொதுப்படக் கூறிவிட்டுப் போவது விடையாகாது. பண்படுத்துவது எப்படி? வளர்ப்பது எதனை? இவற்றைக் காட்டினால்தான் விடை விடையாகும்.

பொய்ம்மொழியும் புலனெறியும்

கதை நமக்கு மேனாட்டார் தந்தது என்னும் எண்ணம் தமிழ் கற்றாரிடையேயும் உண்டு. நாவல் என்னும் வடிவம் மேனாட்டிலிருந்து வந்ததே, அதில் ஐயமில்லை. மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை, தமிழில் உரைநடை நூல்கள் இல்லாத குறையைப் போக்க வேண்டும் என்னும் நோக்கத்துடன் எழுதி, 1879இல் வெளியிட்ட பிரதாப முதலியார் சரித்திரமே தமிழின் முதல் நாவல் என்பது யாவரும் அறிந்தது. ஆனால், புனைந்து கூறுதல் என்னும் செயலைத் தமிழர் எண்ணிப் பார்த்தது அதற்கும் நெடுங்காலம் முன்பே என்பதை மறத்தலாகாது.

தொல்காப்பியர் செய்யுளியலில் உரைநடையை நான்காக வகுத்தார். அவற்றுள் ஒன்று, உலகில் நிகழாத பொருளைப் புனைந்துரைக்கும் பொய்ம்மொழி. யானையும் குருவியும் நட்புக் கொண்டு ஒன்றாய்த் திரிந்தன என்பது போன்ற கதையை இதற்கு எடுத்துக்காட்டாகப் பழைய உரை கூறும். பொய் என்று பெயரிட்டாரே அன்றி, அதனை விலக்கினார் அல்லர்; உரைநடையின் வகைகளுள் ஒன்றாக இடங்கொடுத்து அமர்த்தினார். அகத்திணையியலிலோ அவர் இன்னும் ஆழமான ஒன்றைச் சொல்கிறார். புலவன் பாடும் நெறி நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்தது என்பது அவர் கருத்து. உள்ளது உள்ளபடி சொன்னால் அது செய்தி. உள்ளதோடு சேராமல் புனைந்தால் அது வெறுங்கனவு. இரண்டும் கலந்து, ஒன்று மற்றதைத் தாங்கி நிற்குமானால் அதுவே இலக்கியம். இன்று நல்ல நாவலுக்கு இலக்கணம் கூறப் புகுவார் எவரும் இதற்கு மேல் அதிகம் சொல்லிவிட இயலாது.

மற்றொரு விதியும் உண்டு. அகப்பாட்டில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பர். ஏன் இந்த விதி? பெயரைச் சொன்னால் அது ஒருவருடைய வாழ்க்கைச் செய்தியாகி, ஊரார் அவரைப் பற்றிப் பேசுவர். பெயரை நீக்கினால் கேட்பவர் ஒவ்வொருவரும் தம்மை அதில் வைத்துப் பார்ப்பர். பிறர் துன்பத்தைத் தன் துன்பமாக நின்று காணுதற்கு ஒரு வாயில் அமைத்தல் என்பதே அவ்விதியின் பயன். நாவலாசிரியர் தம் மாந்தர்க்குப் பெயரிடுகிறார் என்பது உண்மை. ஆனால், அப்பெயர் உலகில் எவரையும் சுட்டுவதில்லை. ஆகவே வாயில் திறந்தே இருக்கிறது.

செக்ரோலில் இல்லாதது

கதை வேண்டாம், வரலாறு போதும் என்பார்க்கு நம் நாட்டிலிருந்தே ஒரு விடை உண்டு.

தோட்டத்து அலுவலகத்தில் செக்ரோல் என்னும் பேரேடு இருந்ததைப் பெரியோர் அறிவர். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, வந்தார் வராதார் கணக்கை அதில் குறிப்பார்கள். ஒரு மனிதனுடைய முப்பது ஆண்டு உழைப்பு அப்பேரேட்டில் பெயரும் கோடுகளுமாக நிற்கும். அவன் எதற்காக ஒரு நாள் வரவில்லை என்பது அதில் இல்லை. காய்ச்சலா, மனைவியின் பேறுகாலமா, ஊரிலிருந்து சாவுச் செய்தி தாங்கிய கடிதமா என்பதைச் செக்ரோல் கேட்டதில்லை. கேட்க வேண்டிய கடமையும் அதற்கில்லை. அது கூலிக் கணக்கு. தன் வேலையைச் சரியாகச் செய்தது. ஆனால், நம் பாட்டன் பாட்டியரைப் பற்றி எழுத்தில் எஞ்சியது பெரும்பாலும் அத்தகைய கணக்கே என்பதை எண்ணினால், கதை ஏன் வேண்டும் என்பது விளங்கும்.

இதனினும் கொடிய ஒன்றைக் கூறுகிறேன். ஜப்பானியர் ஆட்சியில், 1942க்கும் 1943க்கும் இடையே, சயாமையும் பர்மாவையும் இணைத்து ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதை போடப்பட்டது. போர்க் கைதிகளோடு ஆசியத் தொழிலாளர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அதில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் பெருந்தொகையினர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர். காஞ்சனபுரியில் போர்க் கைதிகளுக்கு அழகிய கல்லறைத் தோட்டம் உண்டு. ஒவ்வொரு கல்லிலும் பெயர் உண்டு, வயது உண்டு, படைப்பிரிவு உண்டு. அதே பாதையில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் மாண்ட நம்மவர்க்குத் தனித்தனியே பெயர் பொறித்த கல் இல்லை. மாண்டோர் எத்தனை பேர் என்பதற்கு உறுதியான கணக்கும் இல்லை.

கணக்கே இல்லாத இடத்தில் வரலாற்றாசிரியர் என்ன செய்வார்? கிடைத்த ஆவணங்களைக் கூறி, கிடைக்காததற்கு வருந்தி நிற்பார். அதற்கு மேல் போக அவருக்கு உரிமை இல்லை. போகலாகாது என்பதுதான் அவர் அறம். அவ்விடத்தில்தான் நாவலாசிரியர் உள்ளே நுழைகிறார். ஆர். சண்முகம் 1993இல் சயாம் மரண ரயில் என்னும் நாவலையும், அ. ரெங்கசாமி 2005இல் நினைவுச் சின்னம் என்னும் நாவலையும் தந்தார்கள். சா. ஆ. அன்பானந்தனின் மரவள்ளிக் கிழங்கு, பாதைக்குப் போகாமல் இங்கேயே பசியோடு போராடியவர்களின் காலத்தைச் சொல்கிறது. அந்தக் கிழங்கைத் தின்று உயிர் தப்பிய தலைமுறைக்கு நூலின் பெயரே ஒரு வரலாறு. இந்நூல்களின் மாந்தர் புனையப்பட்டவர். அவர்கள் பட்ட பாடு புனையப்பட்டதன்று. அரிஸ்டாட்டில் என்னும் கிரேக்க அறிஞர், வரலாறு நடந்ததைச் சொல்வது, கவிதையோ நடக்கக்கூடியதைச் சொல்வது என்று பிரித்துக் கூறினார். நம் வழக்கிலோ, நடந்தும் எழுதப்படாது போனதைச் சொல்லும் பொறுப்பும் கதையின் தோளில் ஏறியிருக்கிறது.

விருந்தினர் கண்ணும் வீட்டார் கண்ணும்

ஆனால், பொருள் பெரிதாயிருந்தால் நூலும் பெரிதாகிவிடும் என்று எண்ணிவிடலாகாது. துன்பத்தைச் சொல்லுதல் வேறு. துன்பத்தைக் காட்டுதல் வேறு. நம் தோட்டக் கதைகள் பலவற்றில் இவ்வேறுபாடு மங்கிக் கிடக்கிறது. கொடுமைக்காரக் கங்காணி, குடிகாரக் கணவன், கண்ணீர் வடிக்கும் மனைவி, இறுதியில் திருத்த வரும் படித்த இளைஞன் என்று ஓர் அச்சு வார்த்தாற்போல் மாந்தர் வருகின்றனர். கங்காணிக்கும் ஒரு வீடு உண்டு. அவனையும் அதட்டுவதற்கு ஒரு கிராணி உண்டு. கிராணிக்கு மேல் ஒரு துரை உண்டு என்பதை ஆசிரியர் மறந்துவிடுகிறார். அதனால் படிப்பவர்க்குச் சினம் வருகிறது, தெளிவு வருவதில்லை.

புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய துன்பக்கேணியை இங்கே எண்ணிப் பார்க்கலாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குப் போகும் மருதி என்னும் ஏழைப் பெண்ணின் கதை அது. அதில் ஆசிரியர் கண்ணீரை வேண்டி நிற்பதில்லை. ஊரிலேயே தொடங்கிவிட்ட அநீதி, கடல் கடந்தபின் வேறு உடை உடுத்து நிற்பதைக் காட்டிவிட்டு நகர்கிறார். 1951–52இல் சிங்கப்பூரில் பத்திரிகைப் பக்கங்களில் புதுமைப்பித்தன் கதைகளைப் பற்றிப் பெரிய சர்ச்சை ஒன்று நடந்தது. அவர் மேதையா அல்லரா என்று இருசாராரும் வாதிட்டனர். எவர் வென்றார் என்பது இன்று முக்கியமன்று. ஒரு கதையாசிரியரின் தரம் என்ன என்பதற்காக வாரக்கணக்கில் வாதிடும் வாசகர் கூட்டம் இம்மண்ணில் இருந்தது என்பதே நாம் எண்ணி மகிழத்தக்கது. இன்றைய நிலையோடு ஒப்பிட்டு நாணத்தக்கதும் ஆகும்.

அகிலன் 1970களில் இந்நாட்டிற்கு வந்து சென்றபின் பால்மரக் காட்டினிலே எழுதினார். அதனை நம்மவர் சிலர் பெரிதும் போற்றினர். வேறு சிலர் வெளியார் எழுதியது என்று தள்ளினர். இரண்டும் மிகை. விருந்தினர் கண்ணுக்குப் படுவது, பழகிப்போன வீட்டார் கண்ணுக்குப் படாது. விருந்தினர்க்குக் காட்டாமல் மறைத்து வைப்பதை வீட்டார் மட்டுமே அறிவர். நமக்கு இரண்டு கண்ணும் வேண்டும்.

இரண்டும் ஒருங்கே வாய்த்தவர் ப. சிங்காரம். இளமையில் இந்தோனேசியாவுக்கு வந்து வேலை பார்த்தவர். போர்க்காலத்தைக் கண்ணால் கண்டவர். பின் மதுரையில் பத்திரிகைப் பணியில் அமர்ந்தவர். கடலுக்கு அப்பால் 1959இலும், புயலிலே ஒரு தோணி 1972இலும் வெளிவந்தன. மெடானும் பினாங்கும் வட்டிக்கடைத் தெருவும் அந்நூல்களில் வரும்போது, அவை மேடைத் திரையில் எழுதிய ஊர்களாக இல்லை. பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கெழுதும் ஆள் எப்படிப் பேசுவான், எந்தச் சொல்லை மலாயிலிருந்து எடுத்துக்கொள்வான், ஊர் நினைவு எந்த நேரத்தில் வந்து அவனை வருத்தும் என்பன அனைத்தும் அறிந்து எழுதப்பட்டவை. மலாயாவில் தமிழர் என்ன ஆனார்கள் என்பதைக் கற்க விரும்பும் ஆசிரியர், வரலாற்று நூலுக்குப் பக்கத்தில் இவற்றையும் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

நீதியும் கதையும்

பள்ளியில் கதையை ஏற்போரும் ஒரு நிபந்தனையோடுதான் ஏற்கிறார்கள். கதைக்கு நீதி வேண்டும் என்பது அந்நிபந்தனை. இக்கதையால் அறியப்படும் நீதி யாது என்னும் வினா இல்லாமல் நம் பாடம் முடிவதில்லை. நீதி வேண்டாம் என்று நான் கூறவில்லை. நீதி ஒரு வாக்கியத்தில் அடங்குமானால், அவ்வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போகலாமே. இத்தனை பக்கம் எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

பிரதாப முதலியார் சரித்திரத்தில் நீதியுரைகள் மலிந்துள்ளன. அந்நூலை விரும்பிப் படித்தவர்கூட அவ்வுரைகளை நினைவில் வைத்திருப்பது அரிது; வேடிக்கைகளும் ஞானாம்பாளின் அறிவுக் கூர்மையுமே நெஞ்சில் நிற்கும். பதினைந்து ஆண்டு கழித்து ராஜம் ஐயர் எழுதிய கமலாம்பாள் சரித்திரத்தில் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்றொரு தமிழ்ப் பண்டிதர் வருகிறார். தமிழாசிரியர்களாகிய நாம் அவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். சிரித்துக்கொண்டே இருக்கையில், இவர் எனக்கு எங்கோ உறவு போலும் என்னும் ஐயம் எழுகிறது. அந்த ஐயம் தரும் நன்மையை, ஆசிரியர்க்கு அழகு இன்னது என்று கூறும் பத்துக் கட்டுரைகளும் தரமாட்டா. சொல்லிக் கொடுத்த நீதி நெஞ்சில் புகலாம், புகாமலும் போகலாம். தானே கண்டுகொண்ட நீதி மட்டும் வெளியேறுவதில்லை.

கதை படித்தால் பிறர் மனத்தை உணரும் ஆற்றல் பெருகுகிறது என்று 2013இல் அமெரிக்க ஆய்வாளர் இருவர் சோதனை செய்து அறிவித்தனர். உலகெங்கும் அது பேசப்பட்டது. பின்னர்ப் பிறர் அதே சோதனையைத் திரும்பச் செய்தபோது அப்பயன் அவ்வாறு புலப்படவில்லை. இதனால் நாம் மனந்தளர வேண்டியதில்லை. சில பக்கங்களைப் படித்த மாத்திரத்தில் மனிதன் நல்லவனாகிவிடுவான் என்று எந்தத் தமிழ்ப் புலவரும் சொன்னதில்லை. உடற்பயிற்சியின் பயனை ஒரு நாளில் அளக்க முடியாததுபோல் படிப்பின் பயனையும் அளக்க முடியாது. கதை வாழ்நாள் பழக்கம். மருந்து வில்லை அன்று.

தன்கதையின் இரங்கத்தக்க நிலை

இனி, எழுதுவதைப் பற்றிப் பேசுவோம். நம் பள்ளிகளில் புனைகதை எழுதும் பயிற்சியே இல்லை என்று கூற முடியாது. தன்கதை என்று ஒன்று உண்டு. பேனா, குடை, மிதிவண்டி, காலணி முதலியவை தம் வரலாற்றைத் தாமே கூறுவதாக மாணவர் எழுத வேண்டும். வாயில்லாப் பொருளுக்கு வாய் கொடுத்தல் மிக நல்ல பயிற்சி. யானையும் குருவியும் நட்பாடிய பழங்கதைக்கு இது பேரப்பிள்ளை.

ஆனால், நடப்பது என்ன? பேனா தொழிற்சாலையில் பிறக்கிறது. பெட்டியில் அடைபட்டுக் கனவுந்தில் ஏறுகிறது. கடையில் கண்ணாடிப் பேழைக்குள் பளபளக்கிறது. ஒரு சிறுவன் வாங்குகிறான். அவன் முதலில் அன்பு காட்டுகிறான். பின் அலட்சியம் காட்டுகிறான். முடிவில் பேனா குப்பைத் தொட்டியில் கிடந்து தன் விதியை நொந்துகொள்கிறது. குடைக்கும் இதே வாழ்வு. காலணிக்கும் இதே சாவு. முப்பது மாணவர் எழுதினால் முப்பது பேனாக்களும் ஒரே தொழிற்சாலையில் பிறந்து ஒரே குப்பைத் தொட்டியில் மடிகின்றன. யூபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டது. தேர்வுக்காக வளர்ந்த மனனமோ இன்னும் அகலவில்லை. தொடக்க வாக்கியம் இது, முடிவு வாக்கியம் இது, இடையில் இரண்டு மரபுத்தொடர், ஒரு பழமொழி என்று அளந்து கொடுத்து எழுதச் சொல்கிறோம். இது கற்பனை அன்று. கற்பனையின் பெயரால் நடக்கும் படியெடுத்தல்.

இதில் மாணவரைக் குறைகூறுவது நியாயமன்று. ஆசிரியரையும் முழுதும் குறைகூற முடியாது. பிழையின்றி எழுதுதல், பத்தி பிரித்தல், தொடர்ச்சி ஆகியவற்றுக்குப் புள்ளி உண்டு. கண்ணால் கண்டு எழுதுவதற்கு எந்தப் பட்டியலில் புள்ளி வைப்பது என்று அவர் கேட்கிறார். கேள்வி நியாயமானதே.

ஐந்தாம் ஆண்டு வகுப்பொன்றில், பேனா வேண்டாம், உங்களைவிட வயதில் மூத்த ஒரு பொருள் வீட்டில் இருந்தால் அதனைப் பேசவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். பாதிப் பேர் தொலைக்காட்சிப் பெட்டியையே எழுதினார்கள். ஒரு சிறுமி மட்டும் தன் பாட்டியின் காண்டாக் கம்பை எழுதினாள். இருபுறமும் பால் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கம்பு அது. இப்போது அவ்வீட்டில் துணிக்கொடிக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறதாம். அக்கம்பு சொல்கிறது: பாட்டியின் ஒரு தோள் ஏன் தாழ்ந்திருக்கிறது என்பது இந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தக் கட்டுரையில் ஒற்றுப்பிழைகள் பல; மரபுத்தொடர் ஒன்றுகூட இல்லை. வழக்கமான அளவுகோலால் அளந்தால் நடுத்தரப் புள்ளிதான் வரும். ஆனால், அச்சிறுமி அந்த ஒரு வாக்கியத்தை எழுதுவதற்காகப் பாட்டியை நிமிர்ந்து பார்த்திருக்கிறாள். நாள்தோறும் கண்முன் நடமாடும் ஒருத்தியை முதன்முறையாகக் கண்டிருக்கிறாள். ஒற்றுப்பிழையை அடுத்த வாரம் திருத்திவிடலாம். காணும் கண்ணை அவ்வாறு திருத்திக் கொடுக்க எந்த இலக்கண நூலாலும் இயலாது. கதை கற்பித்தால் என்ன கிடைக்கும் என்னும் வினாவுக்கு என் விடை இதுவே.

எழுதுவார் பெறும் ஒழுங்கு

கதை எழுதுதல் பொய் சொல்லுதல் போன்றது என்று நினைப்பவர் ஒரு பக்கமாவது எழுதிப் பார்த்தல் வேண்டும். பொய் சொல்வதைவிட மிகக் கடினமான வேலை அது. பால் மரம் வெட்டும் பெண்ணொருத்தியைப் பற்றி எழுதத் தொடங்கினால், வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வழிமறிக்கும். அவள் எத்தனை மணிக்கு எழுந்தாள்? கைக்குழந்தையை யாரிடம் விட்டாள். ஆயாக் கொட்டகை திறந்திருக்குமா? முந்திய இரவு மழை பெய்து மரம் ஈரமாயிருந்தால் வெட்டு உண்டா, இல்லையா? வெட்டு இல்லாத நாளில் கூலி என்ன? உளியை எங்கே தீட்டினாள்? மங்கில் உறைந்துபோன ஒட்டுப்பாலை என்ன செய்தாள்? மண்டோரை அண்ணே என்பாளா, ஐயா என்பாளா? இவற்றுள் ஒன்றைத் தவறாக எழுதினாலும், அத்தொழில் செய்த பாட்டி ஒருத்தி படிக்கக் கேட்டால் சிரித்துவிடுவாள். கட்டுரை எழுதுபவர் தெரியாததைத் தவிர்த்துச் செல்லலாம். கதை எழுதுபவர்க்கு அவ்வசதி இல்லை. தெரியாததைக் கேட்டறிந்தே தீர வேண்டும். ஆகவே கதை எழுதுதல் ஒருவனைக் கேட்பவனாக்குகிறது. மாணவனைக் கேட்பவனாக்குதலன்றோ கல்வி?

மொழிக்கும் இதனால் நன்மை உண்டு. கித்தா, தீம்பார், காண்டா, மங்கு, பெரட்டு முதலிய சொற்கள் அகராதியைக் காட்டிலும் கதையில்தான் உயிரோடு வாழும். தூய சொல்லை வகுப்பில் கற்பிப்போம். அது நம் கடமை. ஆனால், தோட்டத்துப் பெண்ணின் வாயில் மேடைப்பேச்சை வைப்போமானால் அது அவளுக்கும் அழகன்று, தமிழுக்கும் அழகன்று.

பத்திரிகை நடத்திய பள்ளி

கதை எழுதக் கற்பிக்க முடியுமா என்னும் ஐயத்திற்கு நம் நாட்டு வரலாறே விடை கூறும். 1950இல், தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு என ஒன்று நடத்தினார்கள். கட்டடமில்லாத பள்ளி அது; பத்திரிகைப் பக்கமே கரும்பலகை. தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் இருந்த இளைஞர்கள் அதன் வழியே எழுதப் பழகினார்கள். பின்னர் 1952 முதல் 1957 வரை கு. அழகிரிசாமி அப்பத்திரிகையில் பணியாற்றினார். கோலாலம்பூரில் எழுத்தாளர்களைக் கூட்டி, கதைகளைப் படித்து ஆராயும் கூட்டங்களை நடத்தினார். புகழ்ந்து கைதட்டிப் போகும் கூட்டங்களாக அவை இருந்திருந்தால், இன்றுவரை எவரும் அவற்றை நினைவுகூரார்.

அந்தப் பத்திரிகை 2019இல் நின்றுவிட்டது. அவ்வகுப்பில் பயின்றோரும் பெரும்பாலோர் மறைந்தனர். அவர்கள் விட்ட பணியை இனி யார் எடுப்பது? நாட்டில் 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் தமிழ் அறிந்த ஆசிரியர்கள் உள்ளனர். லங்காட் நதிக்கரையை எழுதிய அ. ரெங்கசாமி ஆசிரியராய் இருந்தவர்தாம். பட்டியலிட்டுப் பார்த்தால் மலேசியத் தமிழ் எழுத்தாளருள் பெரும்பகுதியினர் ஆசிரியர்களே. இது தற்செயல் அன்று. ஊரில் எவர் வீட்டுக் கதவும் திறக்கக்கூடிய மனிதர் ஆசிரியர். எந்தக் குடும்பத்தில் என்ன நிகழ்கிறது என்பதைப் பிள்ளையின் முகத்திலிருந்தே அவர் அறிந்துகொள்கிறார்.

தோட்டங்களின் நிலையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. 1950களிலும் 60களிலும் துண்டாடல், பின்னர்ச் செம்பனை, அதன்பின் வீடமைப்புத் திட்டங்கள். லயங்கள் இருந்த இடத்தில் மேம்பாலங்கள் எழுந்துள்ளன. பள்ளிகள் பெயரை மட்டும் தாங்கிக்கொண்டு வேறிடம் பெயர்ந்துள்ளன. அவ்வாழ்க்கையை நேரில் அறிந்தவர் நாள்தோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டறிந்து எழுதாவிடில், செக்ரோல் கூட எஞ்சாது.

மறுப்பும் விடையும்

கதைகளால் மாணவர் கெட்டுப்போகின்றனர் என்பார் இன்னும் உளர். கெட்ட கதையால் ரசனை கெடும் என்பதை நான் மறுக்கவில்லை. அதற்கு மருந்து கதையை விலக்குதல் அன்று; நல்ல கதையைத் தருதல். நல்லரிசிச் சோற்றின் சுவை அறிந்தவன் புழுத்த அரிசியைத் தானே தள்ளிவிடுவான். இன்று நம் பிள்ளைகள் கைப்பேசியிலும் தொடர் நாடகங்களிலும் கதைகளைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கின்றனர். கதையில்லாமல் வளரும் பிள்ளை இல்லை. எந்தக் கதை, யார் சொல்ல என்பதை மட்டுமே நாம் முடிவு செய்யலாம்.

நேரமில்லை என்பது மற்றொரு மறுப்பு. பாடத்திட்டம், கோப்பு, இணையப் பதிவு, கூட்டம் ஆகியவற்றின் சுமையை ஒரு தலைமையாசிரியன் அறியமாட்டானா? ஆயினும், வாரத்தில் ஒரு பாடவேளையில் இருபது நிமிடம், ஆசிரியர் ஒரு சிறுகதையை வாய்விட்டுப் படிக்கலாம். நீதி கேட்க வேண்டாம். இம்மனிதன் ஏன் இப்படிச் செய்தான் என்று ஒரு கேள்வி மட்டும் கேட்டால் போதும். மாணவர் ஒருவரோடொருவர் மாறுபட்டு வாதிடட்டும். தவணைக்கு ஒரு முறை தன்கதை எழுதட்டும். ஆனால் பேனாவும் குடையும் ஓய்வெடுக்கட்டும். வீட்டிலும் ஊரிலும் உள்ள உண்மையான பொருள்கள் பேசட்டும். திருத்தும்போது, பிழைகளுக்குச் சிவப்புக் கோடு இடுவதோடு, கண்ணால் கண்டு எழுதிய ஒரு வாக்கியத்திற்கேனும் பக்கத்தில் ஒரு குறியிட்டுப் பாராட்டுவோம். அக்குறிக்குப் புள்ளி இல்லாவிட்டாலும் மாணவர் அதனை மறவார்.

இவையெல்லாம் செய்வதற்கு ஒரு முன்வேலை உண்டு. ஆசிரியர் முதலில் தாம் படித்தல் வேண்டும். கல்லூரியில் பாடமாய்ப் படித்த நாவலோடு நின்றுவிட்டவர், மாணவரைப் படிக்கச் சொல்லும் உரிமையை இழக்கிறார். வருகின்ற பள்ளி விடுமுறையில் இந்நாட்டு நாவல் ஒன்றையேனும் எடுத்துப் படியுங்கள். நன்றாயிருந்தால் ஏன் நன்று என்றும், குறையிருந்தால் எங்கே குறை என்றும் இப்பகுதிக்கு எழுதியனுப்புங்கள். எழுதும் ஆசையுடையவர் தம் ஊரில் எண்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் போய், அவர் செய்த வேலையை முதலிலிருந்து சொல்லுமாறு கேளுங்கள். ஏட்டையும் எழுதுகோலையும் மறவாது எடுத்துச் செல்லுங்கள்.